ஐந்து விரலுக்கு எத்தனை எழுத்து?

சென்ற இதழில் பழைய டிஜிட்டல் டைரிகளைப் பற்றி நான் எழுதிய அரைப்பக்கக் குறிப்பில், ஐந்தாறு விசைகளைச் சேர்த்து அழுத்தி ஒரே கையால் எழுதும் கருவி ஒன்று 1980களில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். டைரிகளைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. ஆகவே இம்மாதம் வேறு கேள்விகளுக்கு இடமில்லை, பொறுத்தருள்க.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்: என் தந்தையார் தக்காளி மண்டி நடத்தி வந்தவர். வளைகுடா நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் 1990களின் நடுவில் அவருக்கு ஒரு டிஜிட்டல் டைரியைப் பரிசளித்தார். அண்மையில் அது பீரோவில் கிடைத்தது. புதிய பட்டன் செல்களைப் போட்டதும் திரை உயிர்பெற்றுவிட்டது. ஆனால் அவர் பதிந்து வைத்திருந்த பெயர்களும் எண்களும் ஒன்றுகூட இல்லை. அவற்றை மீட்க வழி உண்டா?

விளக்கம்: இல்லை என்பதை வருத்தத்துடன் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காலத்து டிஜிட்டல் டைரிகளில் பெரும்பாலானவற்றின் நினைவகம், மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் வரையில்தான் எதையும் தக்கவைத்திருக்கும் வகையைச் சேர்ந்தது. அதனால்தான் பின்மூடிக்குள் கருவியை இயக்குவதற்கான செல் தனியாகவும் நினைவகத்தைக் காப்பதற்கான செல் தனியாகவும் இருந்தன. ஒன்றை மாற்றும்போது மற்றது காவல் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டும் பீரோவுக்குள் தீர்ந்துபோன நாளிலேயே உங்கள் தந்தையாரின் பதிவுகள் மறைந்துவிட்டன.

இதைப் பட்டே கற்றேன். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த என் தாய்மாமன், செல் மாற்றித் தருமாறு தம் டைரியை என்னிடம் கொடுத்தபோது நான் கல்லூரி மாணவன். கையில் சிறிய திருப்புளி இருந்த பெருமையில் இரண்டு செல்களையும் ஒன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தேன். மூடியைத் திருகி அவரிடம் நீட்டியபோது, பெங்களூர் பார்ட்டி முதல் பர்கூர் லாரிக்காரர் வரை அத்தனை பேரும் போய்விட்டிருந்தார்கள். மாமா திட்டவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து காலிக்கோ அட்டை போட்ட நீள நோட்டை எடுத்துத் தூசு தட்டினார். அந்த டைரியை அவர் மறுபடி தொட்டு நான் பார்க்கவில்லை.

எல்லாக் கருவிகளும் இத்தகைய மறதிக்காரர்கள் அல்ல. இங்கிலாந்தின் சையான் நிறுவனம் 1984இல் ‘ஆர்கனைசர்’ என்ற பெயரிலும், 1986இல் அதன் திருந்திய வடிவமாகவும் வெளியிட்ட கையடக்கக் கருவிகளில், தீப்பெட்டி அளவிலான ‘டேட்டாபேக்’ என்னும் துண்டுகளைச் செருகித் தகவலைச் சேமித்தார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் அதில் எழுதியது அழியாது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: ஒரு பெயரை நீக்கினால், நீக்கியதாகக் குறி விழுமே தவிர அந்த இடம் திரும்பக் கிடைக்காது, துண்டு நிறைந்ததும் அதைக் கழற்றிப் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்து மொத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். 1986ஆம் ஆண்டுக் கருவியின் திரை வரிக்கு 16 எழுத்தாக இரண்டே வரிகள், விசைகள் 36, அவை தட்டச்சு இயந்திரத்தின் வரிசையில் அல்லாமல் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. தட்டச்சு பயின்றவருக்கு அது எரிச்சலூட்டியிருக்கும். பயிலாத கடைக்காரருக்கு அதுவே வசதி. சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டியில் பத்து விரல்களுக்கும் இடமில்லை என்னும் நெருக்கடிக்கு அகரவரிசை ஒரு விடை. சென்ற இதழில் நான் குறிப்பிட்ட ஒற்றைக்கைக் கருவி இன்னொரு விடை.

ஓசூரிலிருந்து ஒரு வாசகி: அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் ஒரு திரைப்பட இயக்குநர் என்று எங்கோ கேள்விப்பட்டேன். உண்மையா? அது எப்படி இயங்கியது?

விளக்கம்: உண்மைதான். சை எண்ட்ஃபீல்டு என்பவர் 1914இல் அமெரிக்காவில் பிறந்தவர். பொதுவுடைமையாளர் என்ற குற்றச்சாட்டினால் ஹாலிவுட்டில் பிழைக்க வழியில்லாமல் 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். 1964இல் வெளிவந்த ‘ஜூலு’ படத்தை இயக்கியவர். சீட்டுக்கட்டு வித்தையிலும் அவர் தேர்ந்த கைக்காரர். விரல்களை ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே ஆளப் பழகிய ஒருவருக்கு, எழுதுவதற்கு ஒரு கை போதாதா என்று தோன்றியதில் வியப்பில்லை. மின்னணுப் பகுதியைக் கிறிஸ் ரெய்னி என்னும் பொறியாளர் உருவாக்க, 1980களின் தொடக்கத்தில் ‘மைக்ரோரைட்டர்’ விற்பனைக்கு வந்தது.

அதில் விசைகள் ஆறே. நான்கு விரல்களுக்கு ஒவ்வொன்று, கட்டைவிரலுக்கு இரண்டு. கை அவற்றின் மேல் படிந்தபடியே இருக்கும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு விரல் நகர வேண்டிய தேவையே இல்லை. ஒரு விரலை அழுத்தினால் ஓர் எழுத்து, இரண்டு விரல்களைச் சேர்த்து அழுத்தினால் வேறோர் எழுத்து, மூன்றைச் சேர்த்தால் மற்றோர் எழுத்து என்பதுதான் முறை. நாதஸ்வரக்காரர் துளைகளை மூடித் திறக்கும் விரற்சேர்க்கையை நினைத்துக்கொண்டால் போதும். அங்கு ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு சுரம், இங்கு ஒவ்வொரு சேர்க்கையும் ஓர் எழுத்து. இம்முறைக்கு இந்தப் பத்தியில் ‘கூட்டுவிசை’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். எந்தச் சேர்க்கை எந்த எழுத்து என்பதையும் எண்ட்ஃபீல்டு குருட்டாம்போக்கில் விட்டுவிடவில்லை. விரல்கள் அழுத்தும் இடங்கள் அந்த ஆங்கில எழுத்தின் வடிவத்தை ஓரளவு நினைவூட்டுமாறு பார்த்துக்கொண்டார்.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. மூன்று விரல்களை ஒரே கணத்தில் அழுத்துவதாக நாம் நினைத்துக்கொண்டாலும், ஒரு விரல் முந்தும், ஒன்று பிந்தும். முதல் விரல் பட்டதுமே எழுத்தைப் பதிந்துவிடும் கருவியாக இருந்தால் எல்லாம் பிழையாகவே விழும். ஆகவே கருவி, விரல்கள் இறங்கும்போது வாளாவிருந்து எவையெவை இறங்கின என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, அவை விசைகளை விட்டு எழும்போதுதான் எழுத்தைப் பதிகிறது. எழுத்து பிறப்பது அழுத்தும்போது அன்று, விடுக்கும்போது.

எண்ட்ஃபீல்டுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். பிரான்சின் எமில் போதோ 1870களில் அமைத்த தந்திக் கருவியில் விசைகள் ஐந்து. இடக்கையின் இரண்டு விரல்களாலும் வலக்கையின் மூன்று விரல்களாலும் அவற்றைச் சேர்த்தழுத்தி அனுப்புவார்கள். டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடத்திக் காட்டிய புகழ்பெற்ற கணினிச் செயல்விளக்கத்தில், உலகம் வலக்கையில் இருந்த மவுஸை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டது. அவருடைய இடக்கையின் கீழ் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகை ஒன்று இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுக்காமலே எழுத்துகளையும் கட்டளைகளையும் உள்ளிட அது உதவியது. மவுஸ் வீடுதோறும் வந்தது. அதன் ஜோடி வரவில்லை.

மைக்ரோரைட்டர் நிறுவனம் 1989இல் ‘அஜெண்டா’ என்னும் கையடக்க ஆர்கனைசரை வெளியிட்டது. முகவரி, நாட்குறிப்பு ஆகிய வழக்கமான வசதிகளோடு கூட்டுவிசைகளும் அதில் இருந்தன. வாசகி கேட்ட கருவிக்கும் டிஜிட்டல் டைரிக்கும் கல்யாணம் நடந்தது அங்குதான்.

காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது வழக்கம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றுதானா?

விளக்கம்: இந்த ஒப்புமை எனக்குத் தோன்றாமல் போனதே என்று நாணுகிறேன். கண்ணால் பார்க்காமல், பிடித்த விரல்களின் சேர்க்கையை மட்டும் கொண்டு பொருளறிவது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஒரே விரற்பிடி ஆயிரத்தைக் குறிக்கிறதா பத்தாயிரத்தைக் குறிக்கிறதா என்பதைத் துண்டுக்குள் யாரும் சொல்வதில்லை. எதிரே நிற்கும் மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூட்டுவிசைக் கருவிகளிலும் ஒரே சேர்க்கை எழுத்து நிலையில் ஓர் எழுத்தாகவும், எண் நிலையில் ஓர் இலக்கமாகவும் பொருள்படும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை அழுத்துகிறவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். வேறுபாடு, தரகரின் விரல்கள் விலையை மட்டுமே பேசும் என்பதுதான். அரிச்சுவடி முழுவதையும் பேச வேண்டுமானால் அடுத்த கடிதத்திற்குப் போக வேண்டும்.

அரூரிலிருந்து ஒரு தமிழாசிரியர்: ஆங்கிலத்திற்கு 26 எழுத்து, ஐந்து விசைகளில் அடங்கிவிடலாம். தமிழுக்கோ 247. ஒற்றைக் கையில் தமிழை அடக்குவது நடக்கக் கூடிய செயலா?

விளக்கம்: ஐயா, தங்கள் கடிதம் வந்த அன்று மாலை ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து விரல்களில் ஒன்றை மட்டும் அழுத்தும் வழிகள் 5. இரண்டைச் சேர்த்து அழுத்தும் வழிகள் 10. மூன்றைச் சேர்த்தால் 10. நான்கைச் சேர்த்தால் 5. ஐந்தையும் அழுத்தினால் 1. ஆகக் கூடுதல் 31. இனி நம் பக்கத்திற்கு வருவோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இதுவும் 31. கூட்டிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

247 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை என்பதைத் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் 216 உயிர்மெய். அவை மெய்யும் உயிரும் சேர்ந்து பிறப்பவை. முதலெழுத்து 30 என்று தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே எண்ணிக்கொடுத்துவிட்டது. ஆய்தத்தைச் சார்பெழுத்தில் வைத்தது. ஆகவே மெய்க்கு ஒரு சேர்க்கை, உயிருக்கு ஒரு சேர்க்கை என்று அடுத்தடுத்து அழுத்தினால் கருவியே உயிர்மெய்யாக்கிக் கொள்ளும். எடுத்துக்காட்டாக நம் பகுதிக்குரிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘மாம்பழம்’ என்பது ம், ஆ, ம், ப், அ, ழ், அ, ம் என எட்டு அழுத்தம். இதையே 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் எழுதினால் ஏழு தட்டு: ம, ஆ, ம, ப, ழ, ம, புள்ளி. அங்கு அகரம் ஏறிய மெய்யே விசையில் இருப்பதாலும், ‘ம’வை அடுத்துப் ‘ப’ வந்தால் இடையில் புள்ளியைப் பலகையே வைத்துவிடுவதாலும் ஓர் அழுத்தம் மிச்சம். கூட்டுவிசைக் கருவியிலும் அந்தத் தந்திரத்தைப் புகுத்தத் தடையில்லை.

ஆனால் மகிழ்ச்சியில் நான் மறந்த ஒன்றை இரவு சாப்பாட்டின்போது உணர்ந்தேன். 31 சேர்க்கையும் எழுத்துக்கே போய்விட்டால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடுவது எப்படி? பிழையை அழிப்பது எப்படி? வீடு நிறைய விருந்தினரை அமர்த்திவிட்டு வாசலுக்கு இடம் விடாத கதைதான். எண்ட்ஃபீல்டு கட்டைவிரலுக்கு இரண்டாவது விசை கொடுத்ததன் அருமை அப்போதுதான் விளங்கியது. நான்கு விரல்கள் தரும் நிலைகள், ஒன்றையும் அழுத்தாத நிலை உட்பட, 16. கட்டைவிரல் சும்மா இருக்கலாம், முதல் விசையை அழுத்தலாம், இரண்டாவதை அழுத்தலாம். ஆகவே 16ஐ மூன்றால் பெருக்கி, எதையுமே அழுத்தாத ஒன்றைக் கழித்தால் 47. எழுத்துக்கு 31 போக மிஞ்சும் 16இல் இடைவெளி, அழிப்பு, அடுத்த வரி, முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி, கிரந்தத்தின் ஜ, ஷ, ஸ, ஹ, எண் நிலைக்கு மாற ஒன்று என எல்லாம் அமர்ந்து இன்னும் ஐந்து மிச்சம் இருக்கும்.

எண்ணிக்கை பொருந்துவது வேறு, கை ஒத்துழைப்பது வேறு. தங்கள் கையை மேசைமேல் வைத்து, ஆட்காட்டி விரலையும் மோதிர விரலையும் மட்டும் அழுத்தி, நடுவிரலையும் சுண்டுவிரலையும் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மோதிர விரலின் தசைநாண்கள் அண்டை விரல்களின் தசைநாண்களோடு பிணைந்திருப்பதை அப்போது அறிவீர்கள். ஆகவே அகரவரிசைப்படி எழுத்துகளை அமர்த்துவது அழகாக இருக்குமே தவிர உதவாது. நான் அமைப்பதானால் அ, இ, உ, க், த் ஆகிய ஐந்தையும் ஒற்றை விரல்களுக்குக் கொடுப்பேன். ககரத்தின் முன்னன்றி வேறெங்கும் அரிதாகவே வரும் ஙகர மெய்யையும், ஔகாரத்தையும், விரல் முறுக்கிக்கொள்ளும் சேர்க்கைகளில் தள்ளிவிடுவேன். ஐந்து விரல்களையும் ஒன்றாக அழுத்துவது, பார்க்கக் கடினமாகத் தோன்றினாலும் கைக்கு மிக எளிது; அதை ஆய்தத்திற்குக் கொடுத்து வீணாக்குவதா என்று யோசித்து இடைவெளிக்கே ஒதுக்கிவிட்டேன். இலக்கண ஆசிரியர் என்ற முறையில் தாங்கள் மறுத்தெழுதினால் வெளியிடக் காத்திருக்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர்: இவ்வளவு நல்ல முறை ஏன் நிலைக்கவில்லை?

விளக்கம்: தட்டச்சு தெரியாத ஒருவர்கூடச் சாதாரண விசைப்பலகையின் முன் அமர்ந்து, எழுத்தைக் கண்ணால் தேடி, ஒற்றை விரலால் குத்திக் குத்தித் தம் பெயரை எழுதிவிடலாம். கூட்டுவிசையில் அது நடவாது. கற்காதவருக்கு அந்தக் கருவி ஆறு பொத்தான்கள் உள்ள ஊமைப் பெட்டி. கற்க வேண்டியிருந்ததே காரணம் என்று முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. 1996இல் வந்த பாம் பைலட் என்னும் கையடக்கக் கருவியில் எழுதுவதற்கும் தனி எழுத்து வடிவங்களைப் பழக வேண்டியிருந்தது, மக்கள் பழகினார்கள். அவ்வடிவங்கள் கையெழுத்தை ஒத்திருந்ததால் பாதி பாடம் முன்பே தெரிந்திருந்தது.

என் கணிப்பு வேறு. நம் ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடிகளில் இருந்த தட்டச்சுப் பயிலகங்களை எண்ணிப் பாருங்கள். ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று காலை ஆறு மணிக்கே தொடங்கும் அந்தச் சத்தத்திற்குப் பின்னால் லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு இருந்தது. தேர்வுக்குப் பின்னால் வேலை இருந்தது. விசைகளின் அந்த வரிசை எவ்வளவு கோணலாக இருந்தாலும், அதைக் கற்றவனுக்குச் சோறு கிடைத்தது. கூட்டுவிசைக்குப் பயிலகமும் இல்லை, சான்றிதழும் இல்லை. மேலைநாட்டு நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தர்கள் பயன்படுத்தும் ஸ்டெனோடைப் என்னும் இயந்திரமும் விசைகளைச் சேர்த்தழுத்தும் வகைதான்; அமெரிக்காவில் நிமிடத்துக்கு 225 சொல் என்பது அத்தொழிலின் தேர்வு வேகம். அங்கு அது நூறாண்டு கடந்தும் வாழ்கிறது, ஏனென்றால் அங்கு அதற்குப் பள்ளியும் பதவியும் உண்டு.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: என் தம்பி ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை செய்தபோது ஏற்பட்ட விபத்தில் அவனுடைய இடக்கை செயலிழந்துவிட்டது. முன்பே தட்டச்சில் லோயர் தேறியவன். கணினியில் தமிழும் ஆங்கிலமும் எழுதும் வேலைக்குப் போக விரும்புகிறான். இத்தகைய ஒற்றைக்கைக் கருவியை வாங்கித் தரலாமா?

விளக்கம்: அம்மா, உடனே வாங்க வேண்டாம். அமெரிக்காவில் 1990களிலிருந்து வெளிவரும் ‘ட்விட்லர்’ என்னும் கையில் பற்றிக்கொள்ளும் கூட்டுவிசைக் கருவி இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்திற்காக அமைக்கப்பட்டது. அதைத் தமிழுக்கு மாற்றியமைத்துப் பழகுவதற்குள் அவருக்குச் சலிப்பு ஏற்பட்டுவிடக்கூடும். அவர் ஏற்கெனவே கற்ற வரிசையை வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

பத்து விரல்களுக்குப் பழகிய கையை விசைப்பலகையின் நடுவுக்கு நகர்த்த வேண்டும். ஆங்கில எஃப், ஜி, எச், ஜே ஆகிய நான்கு விசைகளின் மேல் நான்கு விரல்களையும் வைப்பது ஒற்றைக்கைத் தட்டச்சின் இருப்பிடம். எஃப், ஜே இரண்டிலும் சிறு மேடு இருப்பதால் பார்க்காமலே இடம் தெரியும். தமிழ்99 முறையில் அதே நான்கு விசைகளில் புள்ளி, எ, க, ப ஆகியவை இருக்கின்றன. உயிரும் மெய்யுமான 30 எழுத்துகளையும் அந்த முறையில் ஷிப்ட் இல்லாமலே எழுதிவிடலாம். ஒற்றைக் கைக்கு இது பெரிய ஆறுதல், ஏனெனில் இரண்டு விசைகளை விலகிப் பிடிப்பதுதான் அவருக்குத் துன்பம். ஆய்தத்திற்கும் கிரந்தத்திற்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் ஷிப்ட் தேவைப்படும். விண்டோஸ் கணினியில் ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால், விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே சேர்த்தழுத்தியதாக ஏற்றுக்கொள்ளும் ‘ஸ்டிக்கி கீஸ்’ வசதியை இயக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலத்திற்கு மட்டும், வலக்கைக்கென்றே அமைந்த ட்வோராக் வரிசை ஒன்று விண்டோஸிலேயே உள்ளது. பழைய பழக்கத்தை மறக்க அவர் விரும்பினால் பார்க்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். நீண்ட பகுதிகளைக் கைபேசியில் தமிழில் பேசி எழுத்தாக்கிவிட்டு, திருத்தத்தை மட்டும் விசைப்பலகையில் செய்தால் கை களைக்காது. விசைப்பலகையை உடலுக்கு நேராக வைக்காமல் சற்றே வலப்புறம் தள்ளி, மணிக்கட்டு வளையாத கோணத்தில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம். ஒரு கை இரண்டு கையின் வேலையைச் செய்யும்போது முதலில் வலிப்பது சுண்டுவிரலின் பக்கம்தான்.